குறை எதுவும் தென்படவில்லை

மூன்றாவது முறையாக
அதே வாக்கியத்தை அச்சடித்துக் கொடுத்தோம்.
துலிக்கி கர்வோனென் அந்தத் தாளை மடிக்கவில்லை, கிழிக்கவில்லை.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
"என் இடது காலுக்குத் தென்படுகிறதே" என்றாள்.

வீடுவீடாகப் போகும் செவிலி அவள்.
கயானியிலிருந்து கிழக்கே, ரஷ்ய எல்லைவரை காடு,
ஒரு நாளைக்குப் பதினொரு வீடு.
இன்சுலின், புண்கட்டு, ரத்த அழுத்தம்,
சில வீடுகளில் வெறும் பேச்சு.
விடியலில் முதல் கியருக்காக மிதித்த கிளட்ச்
மிதித்த இடத்திலேயே கிடக்குமாம்.
குனிந்து, கையால்,
தூங்கும் பிள்ளையின் காலை எடுத்துப்போடுவதுபோல
தூக்கிவிட வேண்டுமாம்.

மேலாளர் ஹெய்ஸ்கனென் சொன்னார்:
கிளட்ச் தேய்கிற பொருள்.
தேய்வது வாரண்டியில் வராது.
சிலருக்குப் பெடல் மேலேயே
காலை வைத்து ஓட்டும் பழக்கம் உண்டு.
"சிலருக்கு" என்றபோது
அவள் பூட்ஸைப் பார்த்தார்.

"டிராக்டரில் பழகியவள் நான்.
முப்பத்தொரு வருஷம். ஒரு கிளட்ச்கூட எரித்ததில்லை."

அந்த நேரம் நான் கவுண்டர் ஓரம்
ஃபில்டர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணி முடித்ததையே எண்ணினேன்.

எனக்குத் தெரியும்.
இந்தக் குளிர்காலத்தில் இது ஐந்தாவது வண்டி.
தபால்காரர், மர வியாபாரி,
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்,
பிறகு பேச்சே வராமல் சாவியை வாங்கிப் போன ஒரு பையன்.
கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறிய சிலிண்டர்,
அதில் ஒரு ரப்பர் வளையம்.
மைனஸ் இருபதைத் தாண்டினால் விறைத்துவிடும்.
எங்கள் பட்டறையிலோ ஹீட்டர் ஓயாது.
இரவெல்லாம் உள்ளே நின்று
இதமாக எழுந்த வண்டி
காலையில் சொன்ன பேச்சைக் கேட்கும்.
பொய் எழுதவில்லை நாங்கள்.
குறை வராத இடத்தில் வைத்துத் தேடினோம், அவ்வளவுதான்.

வாரண்டி முடிய ஒன்பது நாள்.

வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.
"புதன் ராத்திரி இங்கே விட்டுப் போங்கள்.
வெளியே, வேலி ஓரம்.
சாவி உங்களிடமே இருக்கட்டும்."
வைப்பரில் ஒட்டிய பனியைச் சுரண்டுகிற மாதிரி
குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

அவள் நன்றி சொல்லவில்லை.
"எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?"
"ஏழு."

வியாழன். மைனஸ் இருபத்தாறு.
ஆறே முக்காலுக்கே நின்றிருந்தாள், புருவமெல்லாம் வெள்ளை.
ஹெய்ஸ்கனென் கையிலிருந்த காப்பியை
அவளே வாங்கி மேஜையில் வைத்தாள்.
"வாருங்கள். நீங்களே மிதியுங்கள்."

மெல்லிய தோல் ஷூ அவருக்கு.
பனியில் ஓரிடத்தில் வழுக்கியது, சமாளித்தார்.
உட்கார்ந்தார். மிதித்தார்.
காலை எடுத்தார்.

பெடல் எடுக்கவில்லை.

ஷூ நுனியால் நெம்பிப் பார்த்தார்.
பிறகு, கெட்ட மனிதர் இல்லை அவர்,
என் மகள் பிறந்தபோது கேட்காமலே லீவு தந்தவர்,
ஸ்டீயரிங்கில் நெற்றி இடிக்கக் குனிந்து
கையால் தூக்கிவிட்டார்.

உறைபனி படிந்த கண்ணாடி வழியே பார்த்தார்.
முதலில் அவளை.
பிறகு, சற்று நேரம், என்னை.

பதினொரு மணிக்கு கியர்பாக்ஸ் தரையில்.
சிலிண்டர், பேரிங், தட்டு, எல்லாம் புதிது.
பில்லில் பூஜ்யம் யூரோ.
காரணம் எழுதும் கட்டத்தில்
ஹெய்ஸ்கனென் தன் கையாலேயே எழுதியிருந்தார்:
குளிரில் தென்படுகிறது.

மற்ற நால்வரின் எண்களும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன.
தபால்காரருக்கு நவம்பரோடு முடிந்துவிட்டது,
அவர் புண்ணியம் அவ்வளவுதான்.
பியானோக்காரருக்கு இன்னும் இரண்டு வாரம்.
சாப்பாட்டு இடைவேளையில் போனோடு வெளியே வந்தேன்.
கையுறையைக் கழற்றினால்தான் எண்ணை அழுத்த முடியும்.

கழற்றினேன்.